அலமாரி ஏற்ற வந்த லொறி

விமானப்படை லொறி இரும்புப் பாலத்தைத் தாண்டித் தோட்டத்துக்குள் திரும்பியபோது ரெஜினோல்ட்டுக்கு எதுவும் தோன்றவில்லை. மனைவி ஸ்டெல்லா இறந்ததிலிருந்து அவனுக்குப் பல விஷயங்கள் தோன்றுவதில்லை. காலையில் ஷேவ் எடுக்கத் தோன்றும். சப்பாத்துக்குப் பாலிஷ் போடத் தோன்றும். விமானத்து ரேடியோ பழுதானால் எந்த வயர் என்று தோன்றும். அதற்கு மேல் ஒன்றுமில்லை. முகாமில் அவனை நல்ல வேலைக்காரன் என்று சொல்லிக்கொண்டார்கள்.

இல்லாவிட்டால், சீருடையோடு ஊருக்குள் போகக்கூடாது என்பது அவனுக்கு ஞாபகம் வந்திருக்கும். தொழில்நுட்பக் கல்லூரியை முடித்துப் படையில் சேர்ந்த நாளிலிருந்து லீவில் வரும்போதெல்லாம் தெஹியோவிட்டவில் மீராசாஹிப்பின் தையல் கடைக்குப் பின்னால் போய், உடுப்பை மாற்றிக்கொண்டுதான் தோட்டத்துக்கு நடப்பான். மீராசாஹிப் சீருடையை வாங்கி, வாடிக்கையாளர்களின் கால்சட்டைகளுக்கு நடுவில் தொங்கவிடுவார். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் பாதிப் பேருக்கு அவன் கட்டுநாயக்காவில் ஏதோ ரேடியோ வேலை பார்க்கிறான் என்பது மட்டுமே தெரியும். மீதிப் பேர் தெரிந்தும் பேசமாட்டார்கள். காலம் அப்படி. தொண்ணூற்றேழாம் வருடம், போர் நடந்துகொண்டிருந்தது.

இன்று தையல் கடையில் நிறுத்த நேரமில்லை. தியத்தலாவைக்கு மாற்றம் கிடைத்திருந்தது. அவனே கேட்டு வாங்கிய மாற்றம். அங்கே குடும்ப விடுதியில் இரண்டு அறை கொடுத்தார்கள். முகாமுக்குள்ளேயே நர்சரி இருந்தது. அவன் வேலை முடிந்து வரும்வரை பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அடுத்த வீட்டுக்காரி சம்மதித்திருந்தாள். லயத்திலிருந்து அலமாரி, கட்டில், இரண்டு பெட்டி. அவற்றோடு அவன் மகள், நான்கு வயது ஜொய்சி. அவளை ஏற்றிக்கொண்டு இருட்டுவதற்குள் அப்புத்தளையைத் தாண்டிவிட வேண்டும். இருட்டினால் மூடுபனி.

லொறியை ஓட்டியவர் கோப்ரல் புவாட். மாவனல்லைக்காரர். அவர் லயத்து முற்றத்தில் திருப்பி நிறுத்தி, எஞ்சினை அணைத்தார்.

ஒரு ஆள் சத்தமும் இல்லை.

லயத்து இஸ்தோப்புத் திண்ணையில் ஒரு சுளகு கவிழ்ந்து அரிசி சிந்திக் கிடந்தது. யாரோ வீட்டு ரேடியோ விளம்பரம் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு அடுப்பில் சோறு பொங்கி வழிந்து கருகும் வாசம் வந்தது. கோழிகள் மட்டும் வந்து சிந்திய அரிசியைக் கொத்தின.

"என்ன ரெஜி," என்றார் புவாட். "நாங்க வாறதென்டு எழுதியதாத்தானே சொன்னீங்க. ஒரு பூனையையும் காணல்லயே."

"எழுதினேன் அண்ணே. சனிக்கிழமை வண்டியோட வாறேன்னு."

"என்ன வண்டியென்டு எழுதல்லயா?"

ரெஜினோல்ட் குனிந்து தன் சட்டையைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்குத் தோன்றியது. போன மாதம் பக்கத்துத் தோட்டத்துக்கும் ஒரு படை லொறி வந்தது. இளைஞர்கள் சிலரை ஏற்றிக்கொண்டு போனது. சிலரைத்தான் திருப்பி விட்டார்கள். பொட்டலம் கட்டி வந்த சோற்றோடு முகாம் வாசலில் காத்திருந்த தாய்மாரின் கதையை இந்த லயத்தில் எல்லோரும் கேட்டிருப்பார்கள்.

அவன் லொறியிலிருந்து இறங்கினான். லயத்தின் கடைசி அறையான தொங்கல் காம்பராவின் கதவோரத்தில் யாரோ அசைந்தார்கள். வெள்ளையம்மா. முறிந்த ஒரு காலில் மாக்கட்டோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பப் பார்த்தாள்.

"மஹத்தயா," என்றாள் சிங்களத்தில், தலையைக் குனிந்தபடி. "கவுருவத் நே. ஒக்கொம வெடட்ட கியா."

யாருமே இல்லையாம். எல்லோரும் வேலைக்குப் போய்விட்டார்களாம்.

"வெள்ளையம்மாக்கா, நான்தான்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். தொப்பியைப் பார்த்தாள், சட்டைப் பொத்தானைப் பார்த்தாள், கடைசியாக முகத்தைப் பார்த்தாள்.

"அட நாசமாப் போறவனே," என்று மெல்ல மறுபடி உட்கார்ந்தாள். "கல்யாணத்தன்னிக்குக்கூட இவ்வளவு மடிப்பா நீ உடுத்தலயே. இன்னிக்குத்தானா உடுத்தணும்? ஈரக்கொல நின்னு போச்சுடா எனக்கு."

"எல்லாரும் எங்கக்கா?"

"எங்க போவாங்க? ரப்பருக்குள்ள. பாலத்துக்கிட்ட லொறி தெரிஞ்சதும் ஒருத்தன் விசிலடிச்சான். அவ்வளவுதான். நான் ஒருத்தி நொண்டி, கிடக்கேன். என்னைய ஏத்திக்கிட்டுப் போனா தூக்குறவன் பாடுன்னு சும்மா இருந்துட்டேன்."

லொறியிலிருந்தே புவாட் சிரித்தார்.

"ஜொய்சி?"

வெள்ளையம்மா தன் மாக்கட்டைத் தடவினாள். "தெரேசா தூக்கிட்டுப் போனா. மொத ஆளா ஓடினா." மேட்டுப் பக்கம் கையைக் காட்டினாள். "மத்தவங்க எல்லாம் லொறிக்குப் பயந்து ஓடினாங்க தம்பி. அவ எதுக்கு ஓடினான்னு எனக்குத் தெரியாது. நீயே போய்க் கேட்டுக்க."

தெரேசம்மா ஸ்டெல்லாவின் அக்கா. ஸ்டெல்லா போனதிலிருந்து ஜொய்சியை வளர்ப்பவள். கணவன் ஜூலியஸ் ரப்பர் ஆலையில் வேலை செய்பவர். அவர்களுக்குப் பிள்ளையில்லை. ரெஜினோல்ட் விமானப்படையில் இருப்பது அவளுக்குத் தெரியும். லொறி எதற்கு வருகிறது என்பதும் தெரியும்.

அவன் தொப்பியையும் சட்டையையும் கழற்றிப் புவாட்டிடம் கொடுத்துவிட்டு, பனியனோடு மேட்டில் ஏறினான்.

ரப்பர் மரங்கள் வரிசையாக நின்றன. காலையில் வெட்டிய பால் சிரட்டைகளில் நிறைந்திருந்தது. அதைச் சேர்க்க வேண்டிய நேரம் இது. வாளிகள் அங்கங்கே கிடந்தன. ஒன்று உருண்டு, வெள்ளையாக ஒரு கோடு சரிவில் இறங்கியிருந்தது. காய்ந்த இலைமேல் சப்பாத்துச் சத்தம் அவனுக்கே பெரிதாகக் கேட்டது.

"நாந்தான், ரெஜினோல்ட்," என்று சத்தமாகச் சொன்னான். யாரும் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் ஏறி, மறுபடி சொன்னான்.

ஒரு பாறைக்குப் பின்னாலிருந்து நாகலிங்கத்தின் வழுக்கைத் தலை எழுந்தது. அவர் கையில் பாதி உரித்த வாழைப்பழம் இருந்தது.

"தம்பி, எத்தன பேரு வந்திருக்கானுங்க?"

"நானும் டிரைவரும் அண்ணே."

"யாரப் புடிக்க?"

"யாரையும் இல்ல. என் அலமாரிய ஏத்த."

நாகலிங்கம் யோசித்தார். "அலமாரியயா?"

"கட்டிலும் இருக்கு."

பாறைக்குப் பின்னால் ஒரு பெண் குபுக்கென்று சிரித்தாள். அடுத்த மரத்தடியில் இன்னொருவர். பிறகு சரிவு முழுவதும் ஆட்கள் முளைத்தார்கள். சேலையில் ஒட்டிய இலைகளை உதறினார்கள். யாரோ அவனைத் திட்டினார்கள். யாரோ சோறு கருகிவிட்டதே என்று கீழே ஓடினார்கள்.

"அலமாரிக்குப் பயந்து ஓடின மொத ஆளுங்க நாமதான்," என்றார் நாகலிங்கம், வாழைப்பழத்தைக் கடித்தபடி. "தெரேசாவத் தேடுறியா? மேல, பீலிப் பக்கம். போனவ திரும்பியே பாக்கல."

பீலியில் தண்ணீர் ஒரு மூங்கில் துண்டு வழியாக விழுந்துகொண்டிருந்தது. பக்கத்தில் கல்லில் தெரேசம்மா உட்கார்ந்திருந்தாள். ஜொய்சி அவள் மடியில். இருவர் காலும் சேறு. அவனைக் கண்டதும் தெரேசம்மா பிள்ளையை இன்னும் இழுத்து அணைத்தாள். எழும்பவில்லை.

அவன் கொஞ்சம் தள்ளி நின்றான்.

"அக்கா, உங்களுக்குத் தெரியுமே. நான்தான் எழுதியிருந்தேனே."

"தெரியும்."

"பின்ன?"

"எல்லாரும் ஓடினாங்க. எனக்கும் ஓடலாம் போல இருந்துச்சு. ஓடிட்டேன்." அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "லொறியோட நீ திரும்பிப் போயிருவேன்னு நெனச்சேன்."

ஜொய்சி அவன் சப்பாத்தைப் பார்த்தாள். "நீங்களா லொறில வந்தது?"

"ஆமா."

"நாங்க ஒளிஞ்சு வெளையாடுறோம். பெரியம்மா சொன்னாங்க. சத்தம் போட்டா அவுட்டு."

"கண்டுபுடிச்சிட்டேனே."

"ஆமா," என்று ஒப்புக்கொண்டாள் ஜொய்சி. ஆனால் மடியைவிட்டு இறங்கவில்லை.

தெரேசம்மா குரலைத் தாழ்த்தினாள். "தம்பி, நான் ஒன்னு கேக்கவா? கோபப்படாத. செத்த வீட்டுல நீ அழல. நாற்காலி அடுக்கிக்கிட்டு இருந்த. கல்லறையில எல்லாரும் மண்ணு போடுறப்போ நீ மண்வெட்டியக் கழுவிக்கிட்டு நின்ன. அதுக்குப் பொறகு மாசா மாசம் வாற. சாமான் வாங்கிட்டு வாற. புள்ளையப் பாத்து நல்லாருக்கியான்னு கேட்டுட்டுப் போற. ராவில அவ எத்தன மணிக்கு எழும்புவான்னு ஒனக்குத் தெரியுமா? எதுக்குப் பயப்படுவான்னு தெரியுமா? நீ நல்லவன். நான் இல்லேங்கல. ஆனா அங்க தெரியாத எடத்துல, குளிர்ல, ஒன்னு பேசாத மனுசனோட இவள எப்படி அனுப்புறது?"

  அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. பிள்ளையை இங்கேயே விட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. சுலபமாக இருந்தது அது. நாற்காலி அடுக்குவதைப் போல.

"இப்ப நீங்க ஒளியுங்க," என்றாள் ஜொய்சி. "நான் தேடுறேன்."

"அப்பாவுக்கு நேரமில்லம்மா," என்றாள் தெரேசம்மா.

"ஒளியுறேன்," என்றான் அவன்.

ஜொய்சி பெரியம்மாவின் சேலையில் முகத்தைப் புதைத்தாள். தனக்குத் தெரிந்த இலக்கங்களைத் தெரிந்த வரிசையில் எண்ண ஆரம்பித்தாள். அவன் பீலிக்கு மேலே ஏறி, இரண்டு பாறைகளுக்கு நடுவில் இருந்த பொந்துக்குள் புகுந்து, முழங்காலை மடக்கிக் குந்தினான். படையில் பழகிய உடம்பு. தலை தெரியாது, கால் தெரியாது. மூச்சும் கேட்காது.

ஈரமண் வாசம். இருட்டு. முதலில் சுகமாக இருந்தது. யாரும் பார்க்காத இடம். இப்படி ஒரு இடத்தில்தான் அவன் இவ்வளவு நாளும் இருந்தான்.

"அப்பா," என்று கூப்பிட்டாள் ஜொய்சி. சிரிப்போடுதான் கூப்பிட்டாள். சின்னக் கால்கள் இலையில் ஓடின. ஒரு மரம். அடுத்த மரம். "அப்பா." பாறைக்குக் கிட்ட வந்து, பார்க்காமல் திரும்பிப் போனாள். சிரிப்பு குறைந்தது. "பெரியம்மா, அப்பா எங்க?" தெரேசம்மா ஏதோ சொன்னாள். மறுபடி கால்கள். இப்போது ஓட்டமில்லை. நின்று நின்று நடந்தன.

"அப்பாவக் காணல," என்றாள் பிள்ளை. குரல் உடைந்தது. "அப்பாவும் இல்ல பெரியம்மா."

அவன் எழும்பப் பார்த்தான். முடியவில்லை. முழங்கால் பொந்தில் இறுகியிருந்தது.   பிள்ளை அழத் தொடங்கினாள். அவன் கையை ஊன்றி, தோலை உரசிக்கொண்டு, தவழ்ந்தே வெளியே வந்தான்.

ஜொய்சி ஓடி வந்து அவன் நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்தாள். பிறகு கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அழுகை நிற்கவில்லை. அவன் சேற்றில் அப்படியே உட்கார்ந்தான்.

"அப்படி ஒளியக் கூடாது," என்றாள் விம்மலுக்கு நடுவில்.

"எப்படி ஒளியணும்?"

"கொஞ்சம் தெரியணும். கைய வெளிய போடணும். இல்லாட்டி காலு."

"எனக்குத் தெரியல. மன்னிச்சிரு."

"நல்லா ஒளிஞ்சா வெளையாட்டு இல்ல."

தெரேசம்மா பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் முகத்தைத் திருப்பவில்லை. கண்ணீரைத் துடைக்கவும் இல்லை.

"அன்னிக்கு நாற்காலி அடுக்கினது," என்றான். வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. "உக்காந்தா எழும்ப மாட்டேன்னு பயமா இருந்துச்சு அக்கா. இன்னும் அந்தப் பயம்தான். இவள இங்க விட்டுட்டுப் போறது லேசு. அதான் வேணாம்னு கேட்டு மாத்தம் வாங்கினேன். எனக்கு ஒன்னும் தெரியாது. நீங்க சொல்லிக் குடுத்தா செய்வேன்."

தெரேசம்மா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். பீலித் தண்ணீரில் காலைக் கழுவினாள். பிள்ளையின் காலையும் இழுத்துக் கழுவினாள். கடைசியில் அவனைப் பார்த்து, "ஒன் காலையும் நீட்டு. சப்பாத்தெல்லாம் சேறு," என்றாள்.

மேட்டிலிருந்து இறங்கும்போது சொன்னாள்: "நானும் வாறேன். அந்த வீட்டப் பாக்கணும். அந்த அடுத்த வீட்டுக்காரியையும் பாக்கணும். எனக்குப் புடிக்கலன்னா புள்ளையோட பஸ் ஏறிருவேன். நீ தடுக்கக் கூடாது."

"தடுக்க மாட்டேன்."

"ஜூலியஸுக்குச் சோத்துக்கு வெள்ளையம்மாகிட்ட சொல்லணும். அவ ரெண்டு நாள் திட்டிக்கிட்டே ஆக்கிப் போடுவா."

கீழே புவாட் இஸ்தோப்பில் உட்கார்ந்து, வெள்ளையம்மா கொடுத்த பிளேன்டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். ஓடிப்போனவர்களில் பாதிப் பேர் அலமாரியைச் சுற்றி நின்றார்கள். எந்தப் பக்கத்தை முதலில் தூக்குவது என்று சண்டை. நாகலிங்கம் வேலை வாங்கினார், தூக்கவில்லை. ஆலையிலிருந்து ஓடி வந்திருந்த ஜூலியஸ், மனைவி மூட்டை கட்டுவதைக் கேள்வி கேட்காமல் பார்த்துவிட்டு, அடுப்படிக்குப் போய் ஒரு பொட்டலம் தேங்காய்ச் சம்பலோடு வந்தார்.

"குளிரும்," என்று தன் ஸ்வெட்டரையும் கொடுத்தார்.

அவிசாவளை, எஹலியகொட, இரத்தினபுரி. முன் சீற்றில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஜொய்சி பெரியம்மாவின் மடியில். தெரேசம்மா வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாள். பசும்பால் அவளுக்குப் பிடிக்காது, பால்மாவைக் கரைத்துக் கொடு. தலை வாரும்போது பின்பக்கம் தொடாதே, முதலில் பக்கம். இடி இடித்தால் காதைப் பொத்தாதே, கூடவே எண்ணு. ரெஜினோல்ட் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். புவாட்டும் தலையாட்டினார்.

பலாங்கொடையைத் தாண்டியபோது பிள்ளை தூங்கியிருந்தாள். தெரேசம்மா ஜூலியஸின் ஸ்வெட்டரைப் பிள்ளைமேல் போர்த்திவிட்டாள். பிறகு, "கை மரத்துப் போச்சு தம்பி. கொஞ்சம் வாங்கிக்க," என்றாள்.

நிறைந்த பால் வாளிகளைத் தினமும் மேட்டிலிருந்து இறக்கும் கை அது. ஒரு பிள்ளையின் பாரத்துக்கு மரத்துப்போகிற கை அல்ல. ரெஜினோல்ட் இரண்டு கையையும் நீட்டினான்.

"தல எந்தப் பக்கம் அக்கா?"

"எடது கையில வை. கழுத்தத் தாங்கிப் புடி. ஆங், அப்படித்தான்."

புவாட் லொறியின் வேகத்தைக் குறைத்தார்.