துள்ளியின் மூன்றாவது தாவல்

அருவியை ஒரே தாவலில் தாண்டி மேல்வாசலுக்குள் விழுகிற கெண்டை மீன் டிராகன் ஆகிவிடும். அதற்கு வானத்து மழை இலாகாவில் உத்தியோகம். அப்புறம் கீழே இறங்கி வரக் கூடாது. வருஷத்துக்கு ஒன்றாக ஆளுக்கு மூன்றே வாய்ப்பு. மூன்றும் போனால் ஆயுசுக்கும் மீன்தான். இந்தச் சட்டத்தைப் போட்ட புண்ணியவான் ஒரு நாளும் அருவியில் குதித்துப் பார்த்திருக்க மாட்டார்.

துள்ளிக்கு இது மூன்றாவது வருஷம். உத்தியோகமா பெரிது? அவள் விரல் நீளம் இருக்கும்போதே அம்மா மேலே தாவிப் போய்விட்டாள். அந்த அம்மாவை ஒரு தடவை பார்க்க வேண்டும். வளர்த்த சித்தியோ, "மீன் குஞ்சுக்கு நீச்சல் சொல்லிக் குடுக்கணுமா? அக்கா ரத்தம்டி நீ!" என்று நாளைக்குப் பத்துத் தடவை சொல்லிக்கொண்டிருந்தாள்.

போன இரண்டு வருஷமும் ஒரே கூத்து. காலையிலிருந்து காய்ந்து கிடக்கும் வானம், துள்ளியின் பெயரைக் கூப்பிட்டதும் பொத்துக்கொண்டு ஊற்றும். அருவி இரண்டு பங்காகப் பெருத்து அவளைப் பாறையில் அறையும். அவளுக்கு முன்னால் குதித்தவனுக்கும் வெயில், பின்னால் குதித்தவனுக்கும் வெயில்!

பாறை இடுக்கில் இருந்தது பதிவு அலுவலகம். ஈரப் பதிவேட்டைப் புரட்டிய நண்டு குமாஸ்தா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்தப் பக்கத்து மழைக்கு உங்கம்மாதான் பொறுப்பு, தெரியுமா? ரெண்டு வருஷமும் உத்தரவு இல்லாம பெய்ஞ்சிருக்கு. மேலிடத்துல விளக்கம் கேட்டாங்க. பதிலே எழுதல அந்தம்மா."

துள்ளிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பெத்த பொண்ணு மேல வர்றது பிடிக்கலையாமா அவளுக்கு?"

"மழையாப் பெய்ஞ்சு புள்ளைய வாழ்த்தறாங்களோ என்னவோ. வேணும்னா மனு குடு. ஆறு மாசத்துல பதில் வரும்."

மனுவாவது மண்ணாங்கட்டியாவது! துள்ளி நேரே நீர்மட்டத்துக்கு வந்து, வரிசையில் நின்ற மீன்களெல்லாம் பார்க்க, வானத்தைப் பார்த்துக் கத்தினாள்.

"அம்மா! இன்னிக்கு ஒரு நாளாவது சும்மா இரும்மா! நீ பெய்ஞ்சா நான் எப்படி மேல வர்றது?"

திரண்டு வந்த மேகம் அப்படியே நின்றது. வெயில் அடித்தது. குமாஸ்தா பெயரைக் கூப்பிட்டார். துள்ளி மடுவின் கோடியிலிருந்து ஓட்டமெடுத்து எம்பினாள். பாதி அருவி தாண்டியாயிற்று, முக்கால் தாண்டியாயிற்று. மேல்வாசலின் விளிம்பு கண்ணுக்குத் தெரிந்தது.

அப்போது ஒரு சொட்டு அவள் வாயில் விழுந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. உப்புக் கரித்தது.

மழை எங்கேயாவது உப்புக் கரிக்குமா? அவள் திகைத்த அந்த நொடியில் வானம் மொத்தமாக உடைந்து கொட்டியது. அருவி அவளைச் சுருட்டி மடுவில் எறிந்தது.

"மூணும் போச்சுன்னு எழுதிடவா?" என்றார் குமாஸ்தா, கொஞ்சம் தணிந்த குரலில்.

"எழுதிக்கோங்க."

சித்திக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "பெத்தவளே இப்படிக் குடி கெடுப்பாளா? விளங்குவாளா அவ?"

"திட்டாத சித்தி. அவ மழை பெய்யல. அழறா. வாயில விழுந்த சொட்டு உப்புக் கரிச்சுது. மூணு வருஷமும் என்னைப் பார்த்து அழுதுதான் இருக்கா."

துள்ளி நடு மடுவுக்கு நீந்திப் போய் முகத்தை உயர்த்தினாள்.

"நான் நல்லாத்தான்மா இருக்கேன். சித்தி என்னை நல்லாப் பாத்துக்கறா. மேல வரணும்னு எனக்கு அவ்வளவு ஆசை ஒண்ணும் இல்ல. நீ அழாத."

கடைசியில் சொன்னது பச்சைப் பொய். ஆனாலும் குரல் பிசகாமல் சொல்லி முடித்தாள்.

அழாதே என்று சொல்லி எந்த அம்மா கேட்டிருக்கிறாள்? மழை இன்னும் பலத்தது.