மூன்றரை அடி கேட்

பெங்களூரில் இருபத்தொரு வருஷம் குடியிருந்த ஷைஜாவுக்கு ஒருநாள் ஞானம் பிறந்தது. மரத்தடியில் உட்கார்ந்து தவம் செய்தெல்லாம் இல்லை, தண்ணீர் லாரிக்காரனுக்குப் பணம் கொடுத்துக்கொண்டு நின்றபோது பிறந்தது. குடிக்கிற தண்ணீருக்கு ஒரு விலை, குளிக்கிற தண்ணீருக்கு ஒரு விலை. இரண்டு அறை வீட்டுக்கு வாடகை நாற்பத்தையாயிரம். பால்கனியில் நின்றால் எதிர்வீட்டுக்காரர் பல் தேய்ப்பது கடைவாய்ப் பல் வரைக்கும் தெரியும். வீட்டுச் சொந்தக்காரர் அதை 'வியூ' என்று சொல்லித்தான் வாடகையை ஏற்றினார்.

கணவன் தேவகுமாருக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனி எழுதிக் கொடுத்துவிட்டது. மகன் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்தான். பிறகு எதற்கு இந்த ஊர் என்று அவள் யோசித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்துத்தான் சொந்த ஊரான பூதப்பாண்டியிலிருந்து அக்கா ரோஸ்லெட்டின் வாய்ஸ் மெசேஜ்கள் வர ஆரம்பித்தன.

"ஏட்டி, எதுக்காக்கும் அங்க கெடந்து சீரழியுக? அப்பா ஒனக்குத் தந்த அஞ்சு சென்ட் என் வீட்டுக்குத் தொட்டாப்ல சும்மா கெடக்கு. அங்க நாலு வருசம் குடுக்க வாடகைக்கு இங்க வீடே கெட்டிரலாம். தண்ணி கெணத்துல கெடக்கு, ஒருத்தனுக்கும் காசு குடுக்காண்டாம். ஒரு சட்டி மீன்கறி வச்சா நீ பாதி நான் பாதி தின்னலாம் மக்கா."

அந்த மீன்கறியில் ஷைஜா விழுந்தாள். வாடகையும் தண்ணீரும் தேவகுமாருக்குச் சொல்கிற கணக்கு, அவ்வளவுதான். அவளுக்கு அக்கா பக்கத்தில் இருக்க வேண்டும். கல்யாணம் ஆனதிலிருந்து வருஷத்துக்குப் பத்து நாள், அதிலும் ஐந்து நாள் மாமியார் வீடு என்று பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. சாயங்காலம் ஆனால் அக்காவோடு உட்கார்ந்து ஊர்வம்பு பேச வேண்டும், பேசிக்கொண்டே முருங்கைக்கீரை உருவ வேண்டும். இந்த ஆசைக்குப் பெங்களூரில் எந்த மாலிலும் வழி இல்லை.

ரோஸ்லெட்டின் நிலைமையையும் சொல்ல வேண்டும். அவள் கணவர் மஸ்கட்டில். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பெட்டியோடு வருவார், பெட்டி காலியானதும் போய்விடுவார். ஒரே மகள் ஸ்மைலினைப் பெங்களூரில் கட்டிக் கொடுத்தாயிற்று. வீட்டில் ரோஸ்லெட்டும், எண்பத்துநாலு வயது அப்பா சத்தியநேசனும். கீரிப்பாறை அரசு ரப்பர் தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்தவர். அம்மா இறந்தபிறகு பதினோரு வருஷமாக மூத்த மகளோடுதான் இருக்கிறார். மூன்று வருஷத்துக்கு முன் இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து சக்கர நாற்காலி.

ஷைஜா ஒன்றும் அப்பாவை மறந்துவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பதினோரு மணிக்கு டாணென்று போன் போடுவாள். "அப்பா தின்னாராக்கா?" என்று கேட்பாள். "கேப்பக்கூழு குடுக்கா, எலும்புக்கு நல்லதாம்" என்று யூடியூபில் பார்த்ததைச் சொல்வாள். "இங்க எல்லாம் சுகம் மக்கா" என்பாள் அக்கா. ஏழு நிமிஷத்தில் அப்பாவுக்குச் செய்யவேண்டியதையெல்லாம் செய்துமுடித்த திருப்தியோடு ஷைஜா பிரியாணிக்கு வெங்காயம் நறுக்கப் போவாள்.

வீட்டு வேலை தொடங்கியது. கான்ட்ராக்டர் உள்ளூர்க்காரன் ஜெப்சன். பிளான் போட்டதென்னவோ என்ஜினீயர்தான், ஆனால் வீட்டைக் கட்டியது ரோஸ்லெட்டின் வாய்ஸ் மெசேஜ்.

"வாசல்ல படி வேண்டாம் கேட்டியா, சரிவாப் போடச் சொல்லு. ஸ்கூட்டர் ஏத்தலாம்." அவர்களிடம் ஸ்கூட்டர் கிடையாது.

"கீழ உள்ள ரூமுக்குக் கதவு நல்ல அகலமா இருக்கட்டும். பீரோ கொண்டு போவாண்டாமா?"

"பாத்ரூம்ல சொரசொரப்பு டைல்ஸ் போடு. சுவத்துல கெட்டியா ஒரு கம்பி அடிக்கச் சொல்லு, துண்டு போட." ஜெப்சன் அடித்த கம்பியில் ஒரு காளையைக் கட்டலாம். வேலையைப் பார்க்க ஒரு தடவை வந்த ஷைஜா பூத்துண்டு ஒன்றைப் போட்டுப் பார்த்தாள்.

"கட்டிலுக்குப் பக்கத்துல ஒரு காலிங் பெல்லு வையி, ஆபத்து அந்தரத்துக்கு."

இதற்குமேல் தேவகுமாருக்குப் பொறுக்கவில்லை. "கட்டில்ல படுத்துக்கிட்டு யாரு பெல்லடிக்க? திருடன் வந்தா அடிச்சிச் சொல்லிட்டா திருடுவான்?"

"எக்கா ஒண்ணு சொன்னா அதுல அர்த்தம் இருக்கும்" என்றாள் ஷைஜா. இருக்கத்தான் செய்தது.

கடைசியாகத்தான் அந்த கேட். இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள மதிலை உடைத்து ஒரு கேட் வைக்க வேண்டும், அது மூன்றரை அடிக்கு ஒரு விரற்கடை குறையக்கூடாது என்று ரோஸ்லெட் ஒற்றைக்காலில் நின்றாள். "ஒரு சட்டி மீன்கறி போறதுக்கு மூணரை அடி எதுக்கு?" என்று தேவகுமார் கேட்டான். "பின்ன? இடிச்சுக் கொட்டவா?" என்று ஷைஜா அவன் வாயை அடைத்தாள். இந்த உலகத்தில் எந்த அக்கா தங்கைக்காக மதிலை உடைக்கிறாள் என்று நினைத்து அவளுக்குக் கண்ணே கலங்கிப்போனது.

கார்த்திகை மாதம் வீட்டுப் பிரதிஷ்டை. போதகர் ஜெபித்து, ரிப்பன் வெட்டி, எல்லாரும் சாப்பிட்டுக் கைகழுவுகிற நேரத்தில் அந்த கேட் முதல்முதலாகத் திறந்தது. அப்பாவின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ரோஸ்லெட் வந்தாள். நாற்காலி கேட்டில் இடிக்கவில்லை. சரிவில் வெண்ணெயாய் ஏறியது. பீரோவுக்காக அகலமாக்கிய கதவில் வழுக்கிக்கொண்டு நுழைந்தது. "அப்பாவும் வீட்டை ஒரு சுத்து பாக்கட்டும்" என்றாள் ரோஸ்லெட். அப்பா சுற்றிப் பார்த்துவிட்டு அந்தக் கட்டிலிலேயே தூங்கிவிட்டார்.

மூன்றாம் நாள் அவருடைய வேட்டிகள் வந்தன. நான்காம் நாள் மருந்துப்பெட்டி. ஐந்தாம் நாள் ரோஸ்லெட் கையில் ரயில் டிக்கெட்டோடு வந்தாள்.

"ஸ்மைலினுக்கு இது எட்டாம் மாசமாக்கும். மருமவனுக்கு அங்க உள்ள ஆஸ்பத்திரிதான் வேணுமாம். பிரசவம் கழிஞ்சு ரெண்டே ரெண்டு மாசம், ஓடி வந்துருவேன். நீ இருக்கங்க தைரியம்தான் மக்கா எனக்கு."

ரோஸ்லெட் போய் இறங்கிய மகள் வீடு, ஷைஜா காலி செய்துவிட்டு வந்த வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. அங்கேயே இருந்திருந்தால் இப்போது அக்கா பக்கத்தில் இருந்திருப்பாள். இதைத் தேவகுமார் சொல்லிக் காட்டவில்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அந்தமட்டும் அவனுக்குப் புத்தி வந்திருந்தது.

இரண்டு மாதம் ஏழு மாதமானது. பேரன் குப்புற விழுந்தான், தவழ்ந்தான், அவனுக்குப் பல்லும் முளைத்தது. ரோஸ்லெட் வரவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு டாணென்று அவள் போன் வந்துவிடும். "அப்பா தின்னாராட்டி? கேப்பக்கூழு குடு, எலும்புக்கு நல்லதாம்."

மலிவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தண்ணீர் கிணற்றில் இலவசமாகத்தான் கிடந்தது. அப்பாவின் விரிப்புகளை ஒருநாளைக்கு மூன்று தடவை அலசுவதற்கு அது போதுமானதாகவும் இருந்தது.

விரிப்பைக்கூடச் சகித்துக்கொள்ளலாம். மஸ்டரைத்தான் தாங்க முடியவில்லை. ரப்பர் தோட்டத்தில் விடிவதற்கு முன் பால்வெட்டுத் தொழிலாளிகளை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவார்கள், அதுதான் மஸ்டர். அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்று இருபத்தாறு வருஷம். வேலை அவரிடமிருந்து ஓய்வு பெறவில்லை. காலை நாலரைக்குக் கண் விழித்ததும் கணீரென்று, "பூங்கனி!" என்பார். யாராவது "உண்டு" என்று சொல்லும்வரை பூங்கனியை விடமாட்டார். பிறகு "அன்னக்கிளி!" இப்படி முப்பது பேருக்கு மேல். முதல் மாதம் ஷைஜா காதில் பஞ்சை வைத்துக்கொண்டு கிடந்தாள். பிறகு ரோஸ்லெட்தான் போனில் வழி சொன்னாள். "உண்டுன்னு சொல்லிரு, அடங்கிரும்." ஷைஜாவுக்கு மூன்று பேருக்குமேல் பொறுமை கிடையாது. நாலாவது பேருக்குப் படுக்கையிலிருந்தே, "எல்லாரும் உண்டுப்பா, படுங்க!" என்று கத்துவாள். "எல்லாருமா? அதெப்பிடி எல்லாரும்?" என்று முனகிவிட்டு அப்பா அடங்குவார்.

ஆடிக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து வந்து அந்த கேட்டைப் படார் படாரென்று அடித்துக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, அதைச் சரிசெய்ய ஜெப்சன் வந்தான். வந்தவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"கேட்டு அளவு சரியா இருக்குதாக்கா? ரோஸ்லெட்டக்கா வீல்சேரக் கொண்டு வந்து அளந்துல்லா காட்டினாவ. ரெண்டு பக்கமும் கைமுட்டி இடிக்காம ரெண்டு வெரல் எடம் வேணும்னு. வாசல் சரிவும் அப்பிடித்தான், அவியளே ஒக்காந்து தள்ளச் சொல்லிப் பாத்தாவ. எனக்க அப்பனுக்கெல்லாம் இப்பிடி யாரு பாப்பா!"

ஸ்கூட்டர் சரிவு, பீரோ கதவு, காளையைக் கட்டுகிற துண்டுக்கம்பி, கட்டிலோரத்துக் காலிங் பெல் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து ஷைஜாவின் கன்னத்தில் அறைந்தன. பெல்லின் அர்த்தம் முந்தின ராத்திரிதான் மூன்று தடவை அடித்திருந்தது. ஊரில் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் தெரிந்தது, காசைப் போட்டு வீடு கட்டியவளுக்குத் தெரியவில்லை. அக்கா கூப்பிட்டது தங்கையை அல்ல, ஆளை.

"நாளைக்கு ஆராதனை முடிஞ்சதும் ஒங்கிட்ட ஒரு காரியம் பேசணும்" என்று அக்காவுக்குச் செய்தி போட்டாள். பேச வேண்டியதையும் தயாராக வைத்துக்கொண்டாள். பத்து நாளைக்குள் நீ வந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு போ. இல்லையென்றால் நாகர்கோவிலில் முதியோர் இல்லம் இருக்கிறது, கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவேன். நான் மனுஷியாக்கும், கேட் இல்லை. இந்தக் கடைசி வரி அவளுக்கே ரொம்பப் பிடித்திருந்தது. அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்ததில் தூக்கம் போய்விட்டது.

அதனால் நாலரைக்கு "பூங்கனி!" என்று கேட்டபோது முழித்துத்தான் கிடந்தாள். எழுந்து போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாளைக்கு இல்லத்தில் யார் இவருக்கு உண்டு சொல்லப்போகிறார்கள், இன்றைக்காவது முழுக்கச் சொல்லித் தொலைப்போம் என்று நினைத்தாள்.

"பூங்கனி!"

"உண்டு."

"அன்னக்கிளி!"

"உண்டு ஐயா."

அப்பா கண்ணை மூடிக்கொண்டு, இல்லாத நோட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டே போனார். முப்பது, முப்பத்தொன்று. முடிந்தது என்று ஷைஜா எழுந்தபோது, அதே கணீர்க் குரலில் கூப்பிட்டார்.

"ஷைஜா!"

அவள் கட்டிலோரத்தில் மறுபடி உட்கார்ந்தாள். அப்பா விடவில்லை. "ஷைஜா!"

"உண்டு" என்றாள் மெதுவாக.

விரல் நின்றது. "உண்டா? வந்தாச்சா? பதினோரு வருசமா லீவு ஐயா, லீவு ஐயான்னுல்லா தெனமும் ரோஸ்லெட்டு சொல்லிச்சு. சோலிக்கு வராத ஆளு எதுக்கு, பேர வெட்டிருதேன்னேன். வெட்டாண்டாம் ஐயா, வருவா, அவ கண்டிப்பா வருவான்னு சொல்லிச்சு." அப்பா ஒரு கோடு போட்டார். "செரி, வந்தது வந்தாச்சு. ரோஸ்லெட்டு!"

பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. காற்றில் கேட் ஒருமுறை அடித்துக்கொண்டது.

"ரோஸ்லெட்டு எங்க?"

"லீவு ஐயா" என்றாள் ஷைஜா.

"லீவா?" அப்பா கண்ணைத் திறந்துவிட்டார். "அது ஒருநாளும் லீவு போட்டதில்லியே. காய்ச்சல்லகூட வந்து நிக்குமே." மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். "செரி, எழுதிக்கோ. சம்பளத்தோட லீவு."

மஸ்டர் முடிந்தது. அப்பா சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கிவிட்டார். ஷைஜா விடியும்வரை அந்தக் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழுதாள்.

பதினோரு மணிக்கு டாணென்று போன் வந்தது. ரோஸ்லெட் இந்தத் தடவை கேப்பக்கூழைப் பற்றிப் பேசவில்லை. "ஏட்டி, நேத்து ஒன் செய்தியப் பாத்ததுலேருந்து எனக்கு ஒரு வாய் எறங்கல. ஜெப்சன் சொல்லிட்டானா?"

"சொன்னான்."

ரோஸ்லெட் உடைந்த குரலில் கேட்டாள். "உள்ளதச் சொல்லிக் கூப்பிட்டிருந்தா நீ வந்திருப்பியாட்டி?"

ஷைஜா யோசித்துப் பார்த்தாள். வந்திருக்கமாட்டாள். மாதம் பத்தாயிரம் அனுப்பி ஒரு ஆளை வைத்துக்கொள்ளச் சொல்லியிருப்பாள். அதையும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் சொல்லியிருப்பாள்.

"நான் அடுத்த வாரம் டிக்கெட் போடட்டா மக்கா?" என்றாள் ரோஸ்லெட். "நீ சொல்லு, ஒடனே வந்துருதேன்."

"ஒண்ணும் வராண்டாம்" என்றாள் ஷைஜா. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "காலையில அப்பா ஒனக்கு லீவு எழுதியாச்சு. சம்பளத்தோட."

"லீவா? எத்தன நாளு?"

"பதினோரு வருசம் பாக்கி கெடக்குல்லா. பைய வா."