அல்லிக்கு முழு மதிப்பெண்

அருங்காட்சியக முகப்பில் யார் படத்தை வைப்பது, தட்டான்பூச்சியுடையதா அல்லிப்பூவுடையதா? ஒப்பிட வேறு படிவம் இல்லையென்று ஊழியர் மதிப்பீட்டுப் படிவத்தையே எடுத்துக்கொண்டு குளத்துக்கு வந்தார் இயக்குநர். பூச்சி ஆய்வாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கூட வந்தாள்.

அல்லி இருந்த இடத்திலேயே இருந்தது. தட்டானைக் காணோம்.

“எங்கம்மா உன் ஆளு?”

“கொசு பிடிக்கப் போயிருக்கும் சார். அதான் அதோட வேலை.”

“சொல்லாம கொள்ளாம போறதுக்குப் பேரு வேலையா? இதப் பாரு, காலையிலேருந்து சீட்ட விட்டு அசையல!”

இருபது வருஷமாக நாற்காலியைத் தேய்த்தவருக்குச் சொந்தபந்தத்தைக் கண்ட பூரிப்பு. அல்லிக்கு நூற்றுக்கு நூறு போட்டுக் கையெழுத்திட்டவர், கழுத்தில் பளாரென்று அடித்துக்கொண்டார்.

“ச்சே! இந்தக் கொசுவைக் கவனிக்க இங்க ஒரு ஆள் இல்லையா?”