கல்யாணத்துக்கு வந்த வெள்ளைக் கார்

கணவர் சாத்தப்பனின் கால் முறிந்ததைக்கூட உமையாள் மன்னித்திருப்பாள். தியாகராஜனின் சிரிப்பை மட்டும் அவளால் மன்னிக்க முடியவில்லை.

வாங்கி எட்டு மாதமே ஆன வெள்ளைக் கார் அது. திடீர் திடீரென்று பிரேக் பெடல் தரை வரைக்கும் இறங்கிவிடும். கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் ஷோரூமுக்கு நான்கு முறை கொண்டுபோய் விட்டாள். நான்கு முறையும் காரைப் பளபளவென்று கழுவி, 'பிரேக் சோதிக்கப்பட்டது, குறை இல்லை' என்று சீட்டில் எழுதி, சர்வீஸ் மேனேஜர் தியாகராஜன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். அதை நம்பி எடுத்துப்போன சாத்தப்பன்தான் பெடரல் சாலையில் மணல் லோரியின் பின்னால் போய் மோதினார்.

நசுங்கிய முன்பக்கத்தைச் சரிசெய்து ஐந்தாவது சீட்டையும் நீட்டியபோது தியாகராஜன் சிரித்தான். "கார்ல ஒண்ணும் இல்ல லா அக்கா. அங்கிள் காலை மாத்தி மிதிச்சிருப்பாரு. வயசாகுது இல்ல?"

பக்கத்தில் நின்ற மெக்கானிக்குகளும் சிரித்தார்கள். காப்புறுதி இன்சூரன்ஸ்காரன் அதையே பிடித்துக்கொண்டான்: ஓட்டியவர் தப்பு. வக்கீலோ கையை விரித்தார். "பிரேக்ல குறைன்னு அந்தக் கம்பெனிக்காரனே எழுதிக் கொடுத்தாத்தான் கேஸ் நிக்கும் ஆச்சி."

எழுதுவானா? எழுத வைக்க வேண்டும்.

வழி தானாக வந்தது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் கோயிலில் பிரகாரம் சுற்றும்போது பழக்கமான ராஜேஸ்வரி ஒருநாள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆச்சி, ஆவணியில எம்மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு கிள்ளான். பொண்ண வாடகைக் கார்ல ஏத்த எனக்கு மனசில்ல. சுமங்கலி வீட்டுக் காரா, வெள்ளையா இருந்தா நல்லது. உங்க காரைத் தருவீங்களா?"

"தாராளமா. வீட்டுக்காரரு எங்க வேலை செய்றாரு?"

ராஜேஸ்வரி ஷோரூமின் பெயரைச் சொன்னாள்; அங்கே சர்வீஸ் மேனேஜர் என்றாள். உமையாள் சாமியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள்.

கல்யாணத்தன்று காலை காரை லோரியில் ஏற்றிவந்து பிரிக்ஃபீல்ட்ஸ் தெருமுனையில் இறக்கினார்கள். மல்லிகைச் சரமும் ரிப்பனும் கட்டி, நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார்கள். பின்னாலேயே கொழுந்தன் சோலையப்பனின் கார் காலியாக நின்றது. வெள்ளைக் காரின் சாவி உமையாளின் உள்ளங்கைக்குள். அதை யாருக்கும் கொடுப்பதாக இல்லை.

பட்டு வேட்டியில் வெளியே வந்த தியாகராஜன் நம்பர் பிளேட்டைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்துப்போயிற்று.

"ராஜி, இந்தக் கார் வேணாம். வேற கார்ல போவோம்."

"என்னங்க பேசுறீங்க? முகூர்த்தத்துக்கு நேரமாச்சு! ஆச்சி எவ்வளவு ஆசையா கொண்டு வந்திருக்காங்க!"

"கலர்… கலர் சரியில்ல."

பெண்ணை அழைத்துப்போக வந்திருந்த மாப்பிள்ளையின் பெரியப்பா வேலாயுதத்துக்குச் சுருக்கென்றது. "வெள்ளையில என்ன சம்பந்தி கலர் சரியில்ல?"

உமையாள் கைப்பையைத் திறந்து ஐந்து சீட்டுகளை விசிறி மாதிரி விரித்தாள். "அதானே? பிரேக் எல்லாம் சரியா இருக்குன்னு சம்பந்தியே அஞ்சு தடவை கையெழுத்துப் போட்டிருக்காரு. பொண்ணு தைரியமா ஏறலாம். ஏறும்மா."

மணப்பெண் புடவையைத் தூக்கிப் பிடித்து ஒரு காலை உள்ளே வைத்தாள். உமையாள் தியாகராஜனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லடா. உன் வீட்டுப் பெண்ணுக்காவது சொல்லடா.

மறு காலும் தரையை விட்டு எழும்பியது.

"ஏறாதேம்மா!" தியாகராஜன் பாய்ந்து மகளின் கையைப் பிடித்து இழுத்தான். "அதுல பிரேக் பிடிக்காது!"

தெருவே திரும்பிப் பார்த்தது.

"தெரியுமா?" என்றாள் உமையாள்.

"தெரியும் ஆச்சி." அக்கா ஆச்சியாகிவிட்டாள். "இந்த செட்டுல வந்த கார் எல்லாத்துலயும் இதே கோளாறு. வெளிய சொல்லக்கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு."

"எங்க வீட்டுக்காரரு காலை மாத்தி மிதிச்சாரா?"

"இல்ல ஆச்சி."

"எழுது."

ஐந்தாவது சீட்டின் பின்பக்கம், மல்லிகைச் சரம் தொங்கிய பானெட்டின் மேல் வைத்து எழுதினான். உமையாள் விடவில்லை, எல்லோருக்கும் கேட்கும்படி வாசிக்கச் சொன்னாள். பேனாவை வாங்கிச் சாட்சிக் கையெழுத்தை வேலாயுதமே போட்டார். போட்டுவிட்டு, "ஊரான் வீட்டு உசுருன்னா உங்களுக்கு அவ்வளவு இளக்காரமா சம்பந்தி?" என்றார். ராஜேஸ்வரி புருஷனைப் பார்த்த பார்வைக்கு அவன் கார் அடியிலேயே போய்ப் படுத்திருக்கலாம்.

"பொண்ணு மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல," என்று உமையாள் பெண்ணின் கன்னத்தைத் தடவி, சோலையப்பனின் காரில் ஏற்றினாள். "போம்மா, நல்லா இரு." பிறகு தியாகராஜனிடம் திரும்பினாள். "இது திங்கக்கிழமை வக்கீல் கைக்குப் போகுது. இன்னிக்கு நீ போய்த் தாரை வார்த்துக் குடு."

கிள்ளான் மண்டபத்தில் முதல் வரிசை நடு நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். தாரை வார்க்கும்போது தியாகராஜன் தலை நிமிரவே இல்லை. பந்தியில் அவள் இரண்டு முறை பாயசம் கேட்டு வாங்கினாள்.

மூன்றாவதைத் தூக்குச்சட்டியில் ஊற்றச் சொன்னாள். "எங்க வீட்டுக்காரரால வர முடியல," என்றாள், தியாகராஜனுக்குக் கேட்கும்படியாக. "கால் சரியில்ல பாருங்க."