கொடி தெரியும்வரை

1

ஓர் உயிரின் விலை இருபது. வாடகைக் கொட்டகையில் தொங்கிய பலகையில் அப்படித்தான் எழுதியிருந்தது: மணல்மேட்டில் நாலு சக்கர வண்டி ஓட்ட மணிக்கு முந்நூறு, ஹெல்மெட்டுக்குத் தனியாக இருபது. எனக்கு முன்னால் நின்றவர், "பன்னெண்டுக்கு முடிச்சுக்கலாமே" என்றார். எங்கள் வீட்டார் யாராவது நின்றிருந்தால் பத்தில் தொடங்கியிருப்பார்கள். இந்தக் கதை அந்த இருபதிலிருந்து வந்தது.

முதலில் எழுதிய தொடக்கம்: "மணல் கடலைப் போல அலையலையாக" — அடித்துவிட்டேன். அப்படி எழுதாதவர் யார் பாக்கி? இரண்டாவது: "காற்றடித்த இரவுக்குப் பின் மேடுகள் புரண்டு படுத்திருக்கும், நேற்று சாய்வாக இருந்த பக்கம் இன்று செங்குத்தாக இருக்கும்." இதை வைத்துக்கொண்டேன்.

2

பேரம் பேசியவரைத் துணிக்கடைக்காரர் ஆக்கினேன். ஹெல்மெட்டை எடுத்துக் கொடுத்தவளை அவருடைய மனைவி ஆக்கினேன். (புருஷன் என்றும் பாராமல் முழு இருபதையும் வாங்கினாள்.) வாடகைக்கு வருகிறவர்களுக்கு முன்னால் வண்டி ஓட்டி வழிகாட்டுவது அவள் வேலை. அவளைக் கடைக் கல்லாவில் உட்கார வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அவருக்கு இருந்தது பயம்தான். அதைக் 'கடைக்கு ஆள் இல்லை' என்ற துணியில் சுற்றி வைத்திருந்தார். பேசிப் பேசி அலுத்துப்போய், அவள்தான் முடிவாகச் சொன்னாள்:

"ஒரு மணி நேரம் என் பின்னால வாங்க. அதுக்கப்புறமும் வேண்டாம்னா, இந்த வேலையை விட்டுடறேன்."

3

கிளம்பும் முன் டயர்களில் காற்றைக் குறைத்தாள். காசையும் வாங்கிக்கொண்டு காற்றையும் எடுக்கிறாளே என்று அவர் முணுமுணுத்தார். டயர் தளர்ந்து பரந்தால்தான் மணலில் புதையாது என்று விளக்கினாள். இரண்டு வண்டிகளின் பின்னாலும் நீளக் கம்பியில் ஆரஞ்சுக் கொடி ஆடியது.

"முகட்டுக்கு அந்தப் பக்கம் நான் இறங்கிட்டா உங்க கண்ணுக்குத் தெரிய மாட்டேன். அடுத்த மேட்டுல என் கொடி தெரியற வரைக்கும் நீங்க ஏறக் கூடாது."

"தெரியலைன்னா?"

"தெரியும்."

(மற்றவர்களிடம் இன்னொன்றும் சொல்வாள்: தெரியாவிட்டால் இன்ஜினை நிறுத்திவிட்டு, ஓரமாக நடந்து வாருங்கள். புருஷனிடம் அதைச் சொன்னால் தனக்கும் தவறலாம் என்று ஒப்புக்கொண்டது போலாகிவிடும். விழுங்கிவிட்டாள். இந்தக் கதையில் அவர் படப்போகும் தவிப்பு அத்தனையும் அந்த விழுங்கலால்தான்.)

4

சாயங்கால வெயிலில் மேடுகள் பிரித்துப் போட்ட பட்டுச் சுருள்களாகக் கிடந்தன. ஓரம் எங்கே, மடிப்பு எங்கே என்று அவர் தேடிக்கொண்டே போனார். கடை மறந்தது. கொடி முன்னால் மிதந்தது. அவர் தூக்கத்தில் போகிறவரைப் போலப் பின்னால் போனார். ஒரு மேட்டின் அடியில் அவரை நிற்கச் சொல்லிச் சைகை காட்டிவிட்டு, அவள் ஏறி, முகட்டைத் தாண்டி, மறைந்தாள்.

நேற்று அந்தப் பக்கம் சாய்வு. இன்று அது செங்குத்து. முகட்டில் நிதானித்துப் பார்க்க வேண்டியவள், புருஷன் பார்க்கிறார் என்ற மிதப்பில் நேற்றைய நினைப்பிலேயே போய்விட்டாள். வண்டி சறுக்கிக்கொண்டு இறங்கி மூக்கோடு புதைந்தது. அவளுக்கு ஒன்றுமில்லை. ஆனால் நின்றது முகட்டுக்கு நேர் கீழே; அவர் வண்டியோடு தாண்டினால் அவள் தலைமேல்தான் விழுவார். "வராதீங்க" என்று கத்தினாள். மணல் அதை வாங்கி வைத்துக்கொண்டது.

5

காத்திருப்பது அவருக்குக் கைவந்த தொழில். விலையைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு துணியை மடிக்கத் தொடங்குவார். எப்போதும் வாடிக்கையாளர்தான் முதலில் பேசுவார். இங்கே எதிரில் மணல். அதற்கு அவசரமே இல்லை. கட்டைவிரல் தானாக ஆக்சிலேட்டரைத் தேடிப் போனது.

முதல் முடிவு: அவர் பொறுக்கமாட்டாமல் ஆக்சிலேட்டரை அழுத்தி ஏறினார், முகட்டில் முன்சக்கரங்கள் அந்தரத்தில் — என்னால் முடியாது. பாசத்தில் வந்தவரைக் கொண்டு அவளைக் கொல்ல எனக்குக் கை வரவில்லை.

இரண்டாம் முடிவு: அவள் தனியாக வண்டியைத் தோண்டி எடுத்தாள், கொடி எழுந்தது, சுபம். சாயம் போகும் சரக்கு. வீட்டுக்குப் போய் ஒருமுறை அலசியதும் திருப்பிக் கொண்டுவருவீர்கள்.

6

மூன்றாவதை நான் எழுதவில்லை, அவரே செய்தார். அவள் கூப்பிடுகிறாளா என்று கேட்பதற்காக மட்டும் இன்ஜினை நிறுத்தினார். நிறுத்தியதும் மணல் ஓடும் சத்தம், அதற்கு அடியில் சன்னமாக ஒரு குரல். வார்த்தை பிடிபடவில்லை, உயிரோடு இருக்கிறாள் என்பது பிடிபட்டது. இறங்கி நடந்தார். நடுவில் கால் புதைந்ததால் ஓரமாகப் போனார். முகட்டை எட்டியபோது முட்டிபோட்டிருந்தார். கீழே பாதிச் சரிவில், ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி, அவளும் ஊர்ந்து ஏறிக்கொண்டிருந்தாள். கையை நீட்டி இழுத்தார். இருவரும் மூச்சிரைக்க உட்கார்ந்தார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை, அவரிடம் கற்றதுதான். கடைசியில் அவர் பேசினார்:

"இனிமே நீ இங்க..."

இதற்கு மேல் என்னிடம் கேட்காதீர்கள். அவள் பிழைப்பு அந்த மூன்று புள்ளிகளில் தொங்குகிறது.

இதுவரைக்கும் கணக்கு: ஓய்ந்த வண்டிகள் இரண்டு. சேதாரம் இல்லை. பேசி வைத்த ஒரு மணி நேரத்தில் கொஞ்சம் மிச்சம். அவர் வாக்கியத்தில் பாதி வரவு. மீதிப் பாதியை உங்கள் பெயரில் பற்று எழுதியிருக்கிறேன்.