கடிக்கிற பிள்ளையின் அம்மாவுக்கு ஒரு வகுப்பு

1

இந்தக் கதையை என் அக்கா என்னிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னாள். ஆகையால் எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும்.

அக்காவுக்குக் கட்டட வேலை. கான்கிரீட் கலக்கும் மிஷினில் ஜல்லி கொட்டுகிறாள். அது ஓடும்போது மேஸ்திரி காதில் ஏதாவது விழ வேண்டுமென்றால் அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். கத்திக் கத்தி அவள் தொண்டை அந்தச் சத்தத்திலேயே நின்றுவிட்டது. வீட்டுக்குள் உப்புக் கேட்டால் மூன்றாவது வீட்டில் எடுத்து நீட்டுவார்கள்.

(மிகையில்லை. ஒருமுறை நீட்டினார்கள். வாங்கிக்கொண்டோம்.)

2

தொடக்கம் சரியாக வரவில்லை. எழுதிப் பார்த்தவை கீழே.

“குழந்தையின் மனம் ஒரு மென்மையான...” வேண்டாம். ஜல்லியில் விளையாடி வளர்ந்தவன் எழுதுகிற வாக்கியமா இது.

“இளம் பள்ளிப் பிள்ளைகளின் உணர்வு, நடத்தைச் சிக்கல்களைத் தாய்மார் புரிந்துகொள்ளும் பொருட்டு...” இது பள்ளி வாசலில் ஒட்டியிருந்தது. பாதியில் மூச்சு வாங்கியது.

நேராகவே சொல்கிறேன். அக்கா மகள் கடிக்கிறாள்.

இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். திடீரென்று பெஞ்சுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். இழுக்கக் கை நீட்டினால் கடி. டீச்சரின் மணிக்கட்டு, பக்கத்துப் பெண்ணின் முழங்கை, விளையாட்டு வாத்தியாரின் ஷூ. இன்னொரு தடவை கடித்தால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். அதோடு, சனிக்கிழமைகளில் அம்மாக்களுக்கு நடக்கும் வகுப்புக்கு அக்கா கட்டாயம் வர வேண்டும்.

நடந்து போகிற தூரத்தில் வேறு பள்ளி கிடையாது. பள்ளி இல்லையென்றால் வேலையிடத்து மணல் குவியல்தான். நானும் அக்காவும் வளர்ந்தது அதில்தான். தன் மகளை அதன்மேல் உட்கார வைப்பதில்லை என்று அக்கா வைராக்கியமாக இருக்கிறாள்.

3

வகுப்பில் அம்மாக்கள் எல்லாரும் பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் முழங்காலைத் தாடைக்கு முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்தார்கள். பயிற்சி மேடம் சொன்னார்:

“பிள்ளை முரண்டு பிடிச்சா அது உயரத்துக்குக் கீழ உக்காருங்க. கண்ணப் பாத்து மெதுவா, ‘உனக்குக் கோவமா இருக்கு, இல்லையா’ன்னு கேளுங்க. எங்க, பக்கத்துல உள்ளவங்ககிட்ட சொல்லிப் பாருங்க.”

அக்காவுக்குப் பக்கத்தில் ஒரு தையல்காரி. அக்கா அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

“இல்லக்கா, சத்தியமா இல்ல,” என்றாள் தையல்காரி.

வாட்ச்மேன் ஓடிவந்து எட்டிப் பார்த்தார்.

“கொஞ்சம் குறைச்சுப் பேசுங்கம்மா,” என்றார் மேடம்.

“இது குறைச்சதுதான் மேடம்.”

4

(இடையில் ஒரு சங்கதி. முதல் தடவை எழுதியபோது பயிற்சி மேடத்தை ஒன்றும் தெரியாதவராக எழுதியிருந்தேன். மூக்குக் கண்ணாடியும் மாட்டிவிட்டேன். படித்துக் காட்டியதும் அக்கா, “ஏன்டா புளுகுற? நல்ல மனுஷிடா அது. தொண்டைக்கு இதமா இருக்கும்னு சுடுதண்ணி குடுத்தாங்க,” என்றாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டேன்.)

5

அக்கா ஒரு வாரம் குளியலறைச் சுவரைப் பார்த்து மெதுவாகப் பேசிப் பழகினாள். சுவர் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு ஒரு சாயங்காலம் மகள் வீட்டுப்பாடம் எழுத மாட்டேன் என்று பென்சிலை விட்டெறிந்தாள். அக்கா கீழே உட்கார்ந்தாள். கண்ணைப் பார்த்தாள். காற்று மாதிரிக் கேட்டாள்: “உனக்குக் கோவமா இருக்கு, இல்லையா?”

பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது.

“யாரும்மா செத்தா?” என்று கேட்டுவிட்டுக் கட்டிலுக்கு அடியில் பாய்ந்தாள்.

அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த மாமாவும் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். “என்னடி ஆச்சு? உங்கப்பாவுக்கா?”

அக்கா கட்டிலுக்கு அடியில் கையை விட்டாள். கடி வாங்கினாள்.

6

அடுத்த சனிக்கிழமை அக்கா கடிபட்ட கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். மேடம் சிரிக்கவில்லை.

“கடிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி என்ன நடந்துச்சு? அத மட்டும் சொல்லுங்க.”

“ஒண்ணும் நடக்கல மேடம். நீங்க சொன்ன மாதிரி மெதுவா பேசினேன்.”

“அதுக்கு முன்னாடி வீட்டுல எப்ப மெதுவா பேசினீங்க?”

அக்கா யோசித்தாள். பிறகு அவள் சொன்னது தையல்காரிக்கே சாய்ந்தால்தான் கேட்டது.

“அவங்கப்பா சாரத்துலேர்ந்து விழுந்த அன்னிக்கு.”

மாமா பிழைத்துக்கொண்டார், ஒரு கால்தான் கொஞ்சம் இழுக்கும். ஆனால் அன்றைக்கு அந்த வீட்டில் எல்லாரும் கிசுகிசுவென்றுதான் பேசினார்கள். பிள்ளை கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

“கிளாஸ் டீச்சர் எப்படிப் பேசுவாங்க?” என்று கேட்டார் மேடம்.

“அவங்க பேசுறது அவங்களுக்கே கேக்காது,” என்றாள் தையல்காரி. அவள் பிள்ளையும் அதே வகுப்பு.

அந்த டீச்சர் தங்கமானவர். ‘இங்க வாம்மா’ என்று பூப்போலக் கூப்பிடுவார். கூப்பிடும் போதெல்லாம் இவளுக்கு அப்பா ஒருமுறை விழுவார்.

7

மேடம் போட்ட திட்டம் இதுதான்: வீட்டில் அக்கா நல்ல சேதிகளை மட்டும் மெதுவாகச் சொல்லிப் பழக்க வேண்டும். அதுவரை வகுப்பில் டீச்சர் கொஞ்சம் கத்த வேண்டும். டீச்சர் கத்திப் பார்த்தார். பூனை தும்மியது போலிருந்தது.

“வயித்துலேர்ந்து வரணும் டீச்சர்,” என்றாள் அக்கா.

“வயித்துல ஒண்ணுமே இல்லம்மா, இன்னும் சாப்பிடல.”

கதை முடிகிற இடத்துக்கு வந்துவிட்டோம். என்னிடம் உள்ள முடிவுகள்:

டீச்சர் கத்துகிறார், பிள்ளை வெளியே வருகிறாள், எல்லாரும் கண்ணைத் துடைக்கிறார்கள். பத்திரிகைக்குப் பிடிக்கும். அதனாலேயே எனக்குச் சந்தேகம்.

டீச்சர் கத்துகிறார், இவள் வெளியே வருகிறாள், மற்ற பிள்ளைகள் எல்லாரும் பெஞ்சுக்கு அடியில் போய்விடுகிறார்கள். எனக்கு இதுதான் ஆசை. அக்கா, “இத எழுதினா பள்ளிக்கூடத்துல இருக்குற இடமும் போயிரும்,” என்றாள்.

“மணல் குவியலின்மேல் அந்தச் சிறுமி...” அடித்துவிட்டேன். இதை எழுத மாட்டேன்.

8

திங்கட்கிழமை காலை. பிள்ளை பெஞ்சுக்கு அடியில். டீச்சர் பக்கத்தில் குனிந்திருக்கிறார். வாசலில் தலைமையாசிரியர். வேலைக்கு நேரமாகியும் போகாமல் ஜன்னலுக்கு வெளியே அக்கா, வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு.

டீச்சர் சொல்ல வேண்டியது எனக்குத் தெரியும். எவ்வளவு சத்தமாக என்பதைத்தான் தாளில் எழுத முடியவில்லை. அதனால் அடுத்த வரியை நீங்கள் வாய்விட்டுப் படிக்க வேண்டும். மனசுக்குள் படித்தால் அவளுக்குக் கேட்காது. முணுமுணுத்தால் பயந்துபோவாள். பக்கத்தில் யாராவது தூங்கினால் எழுந்துகொள்ளட்டும், பரவாயில்லை.

“பாப்பா, உங்கப்பா நல்லா இருக்காரு. வெளிய வா.”