முற்றுப்புள்ளி வைத்த மெசேஜ்கள்

குளச்சலில் மருந்துக்கடையில் வேலை பார்த்த பெபிஷாவுக்கும் குவைத்தில் வெல்டராக இருந்த டெல்வினுக்கும் 2014 ஜூனில் நிச்சயம் ஆனது. மறுவாரமே அவன் விமானம் ஏறிவிட்டான். கல்யாணம் ஜனவரியில்.

இடையில் எல்லாம் வாட்ஸ்அப்தான். இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடிப்பார்கள். நேரில் நாலு தடவைகூடப் பேசாதவனின் குணத்தை அவள் அந்த எழுத்தை வைத்தே படித்தாள். ‘சாப்ட்டியாஆஆ’ என்று இழுத்தால் சந்தோஷமாக இருக்கிறான். ஒற்றை ‘ம்’ வந்தால் கோபம். எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு ‘கேட்டியா’ ஒட்டிக்கொள்ளும். சிரிக்கிற முகங்களை இரண்டிரண்டாகப் போடுவான்.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, ‘சாப்ட்டீங்களா’ என்று மத்தியானம் கேட்டதற்குச் சாயங்காலம் பதில் வந்தது.

‘சாப்பிட்டேன்.’

பின்னால் ஒரு புள்ளி. அவன் புள்ளி வைத்து அவள் பார்த்ததே இல்லை.

‘என்ன, கோவமா?’

‘இல்லை. வேலை அதிகம். உடம்பைப் பார்த்துக்கோ மா.’

கூப்பிட்டாள். மணி அடித்து நின்றது. உடனே, ‘டூட்டியில் இருக்கிறேன். பிறகு பேசுகிறேன்.’

என்ன தப்பு செய்தோம் என்று பழைய மெசேஜ்களை மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தாள். கல்யாணத்துக்குப் பிறகும் கடைக்கு வருவேன் என்று திங்கட்கிழமை எழுதியிருந்தாள். ‘பாப்போம் கேட்டியா’ என்று சிரித்திருந்தான். அப்போது விளையாட்டாகத் தெரிந்தது இப்போது வேறு மாதிரி இருந்தது. அவனுக்கு விடுமுறை நாளான வெள்ளிக்கிழமையும் போன் வரவில்லை. மாத்திரை எண்ணும்போது இரண்டு முறை எண்ணிக்கை தப்பியது.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஊர் மண்டைக்காடு புதூர் கோயிலில் முதல் ஓலை வாசிப்பு. கல்யாணம் செய்யப்போகும் இருவர் பெயரையும் பூசையில் ஊரறியச் சாமியார் அறிவித்துவிடுவார்.

“அம்மா, அவருக்கு என்னப் பிடிக்கல்ல போல” என்றாள் வெள்ளி ராத்திரி.

மீன் கழுவிக்கொண்டிருந்த இசபெல் நிமிர்ந்தாள். “அப்படி சொன்னானா?”

“சொல்லல்ல. புள்ளி வெக்காரு.”

“என்ன புள்ளி?”

விளக்கிப் பார்த்தாள். இசபெல்லுக்குப் பிடிபடவில்லை. “ஒரு புள்ளியக் கண்டு ஓலைய நிறுத்தச் சொல்லுதியா மோளே? சாமியாருட்ட நான் என்னத்தச் சொல்லுவேன்?”

சனிக்கிழமை கடையில் கூட்டம் குறைந்த நேரத்தில் மறுபடியும் வாசித்தபோதுதான் அந்த ‘மா’ கண்ணில் பட்டது. டெல்வின் அவளை ஏட்டி என்பான், பெபி என்பான். ஒரு நாளும் மா என்றதில்லை. கோபக்காரன் ‘கேட்டியா’வை விட்டுவிடலாம். புதிதாக ஒரு ‘மா’ எங்கிருந்து வரும்? இது அவன் இல்லை. அப்படியானால் அவன் எங்கே?

‘நீங்க யாரு?’ என்று அனுப்பினாள்.

டிக் இரண்டும் நீலமாயின. அந்தப் பக்கம் யாரோ அடித்து, நிறுத்தி, மறுபடி அடித்துக்கொண்டிருந்தார்கள். மெசேஜ் வரவில்லை. கால்மணி நேரம் கழித்துப் போன் அடித்தது.

“நான் கலியமூர்த்தி மா. கும்பகோணம் பக்கம். டெல்வினோட ஒரே ரூம்ல இருக்கேன். பயப்படாத, அவன் நல்லா இருக்கான்.” பிறகு மெதுவாகச் சொன்னார். செவ்வாய்க்கிழமை காலையில் இரும்புத் தகடு சரிந்து டெல்வினின் வலது கையில் விழுந்திருக்கிறது. இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாகிவிட்டது. “தையல் பிரிக்கிற வரைக்கும் ஊருக்குச் சொல்லாதண்ணேன்னு கெஞ்சினான். அதான் அவன் போன்ல நான் பதில் போட்டுட்டு இருந்தேன்.”

“நான் அவருட்ட பேசணும். போன அவருட்ட கொண்டு குடுங்க அண்ணே.”

ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து டெல்வின் பேசினான்.

“வலிக்கா?”

“இப்போ கொறவு. இனி வெல்டிங் பாக்க முடியுமான்னு தெரியல்ல ஏட்டி. வீட்டில சொல்லி நிறுத்திக்கோ. நான் ஒண்ணும் நெனைக்கமாட்டேன்.”

“அஞ்சு நாளா எனக்குச் சோறு எறங்கல்ல. என்னப் பிடிக்காம ஒதுங்குதீங்கன்னு நெனச்சேன். வெரல் போனத எங்கிட்டச் சொல்லக்கூடாதா?”

அவன் அழுதான்.

“நாளைக்கு ஓலை வாசிப்பாங்க” என்றாள். “நிறுத்தணும்னா நீங்க நிறுத்துங்க. நான் சொல்லமாட்டேன்.”

“வாசிக்கட்டு” என்றான், கடைசியில்.

அன்று ராத்திரி அப்பா ததேயுஸிடமும் அம்மாவிடமும் நடந்ததைச் சொன்னாள். இசபெல் அழுதாள், பிறகு, “சம்பாதிக்க வழி என்ன?” என்றாள். “நான் சம்பாதிக்கேன் இல்லியா?” என்றாள் பெபிஷா. மறுநாள் கோயிலில் பெயர் வாசிக்கும்போது இசபெல் மகளின் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

கல்யாணம் ஒரு மாதம் தள்ளி பிப்ரவரியில் நடந்தது. தாலி முடிச்சு மூன்று விரலுக்குள் நழுவியது. உதவப் போன பெபிஷாவின் தங்கை ரெஜிஷாவை டெல்வின் தலையசைத்துத் தடுத்தான். கோயில் மொத்தமும் காத்திருந்தது. அவன் முடிச்சை இறுக்கும்வரை பெபிஷா கழுத்தைத் தாழ்த்தியபடி அசையாமல் நின்றாள்.